மை பரவாத பக்கம்

அந்தக் காகிதங்களில் வினாகிரி மணக்கும். லூர்து அன்ரி அவற்றை உறையிலிருந்து உருவி எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பியதும், அந்தப் புளித்த மணம் அம்மாவின் மீன்குழம்பு வாசத்தையும் மீறிக்கொண்டு எழும்பும். அம்மா முகத்தைச் சுளித்தபடி ஜன்னலைத் திறப்பார், அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார், பதினொரு வயதுக்காரியான நான் அப்பாவுக்கும் அன்ரிக்கும் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் ஏழாம் மாடியில், ஒரு குளிர்காலத்துச் சனிக்கிழமைகள் முழுவதும் இப்படித்தான் போயின.

லூர்து அன்ரி பிலிப்பைன்ஸ்காரி. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி இருந்தார், முதியோர் இல்லமொன்றில் வேலை. ஊரிலிருந்து வந்து அவருடன் தங்கியிருந்த தகப்பனாருக்கு மே மாதம் எண்பது வயதாகப் போகிறது என்பதால், முன்னோர் பெயர்களையெல்லாம் ஒரு மரமாக வரைந்து, சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது அன்ரியின் ஆசை. நகரத்தில் ஒரு சபையார் நடத்திய வம்ச வரலாற்று நூலகத்துக்குப் போய், தன் ஊர்க் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் உருட்டி உருட்டிப் பார்த்து, பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்து வருவார். பழைய ஃபிலிமின் வினாகிரி மணம் அந்தப் பிரதிகளிலும் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்தெல்லாம் ஸ்பானிய மொழி. அன்ரிக்கு அது ஒரு வரியும் விளங்காது.

அப்பா யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் குருமடத்தில் இருந்து, குருவாகாமல் வெளியே வந்தவர். அங்கே படித்த இலத்தீன் இந்த நாட்டில் எதற்கும் உதவவில்லை. பாண் சுடும் ஃபக்டரியில் தட்டு அடுக்குகிறவனிடம் யார் இலத்தீன் கேட்கப் போகிறார்கள்? அதை வைத்துக்கொண்டு ஸ்பானிய மொழியை ஒருமாதிரி மட்டுக்கட்டி வாசித்துவிடுவார், ஆனால் ஆங்கிலம் அவருக்கு வாயில் வராது. அவர் தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் அன்ரிக்குச் சொல்வேன். கனடாவுக்கு வந்த பிறகு அப்பாவிடம் அவர் படித்ததைக் கேட்டுவந்த ஒரே மனிசி லூர்து அன்ரிதான். சனிக்கிழமைகளில் அப்பா முகம் மழித்து, கோவிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வருவார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீது ஆத்திரம் வருகிறது.

மாசி மாதத்துக்குள் மரம் நிரம்பிவிட்டது, ஒரேயொரு பெட்டியைத் தவிர. அன்ரியின் தகப்பனாரை நாங்களும் அவர்கள் பாஷையில் 'லோலோ', அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுவோம். லோலோவின் அப்பாவுக்கு அப்பா யார் என்பதுதான் அந்தக் காலிப் பெட்டி. அவர் ஸ்பெயினிலிருந்து வந்த கப்பல் தலைவர் என்று லோலோ ஆயுள் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறார். லிஃப்டில் என்னைக் கண்டாலும் அந்தக் கப்பல் கதைதான். லோலோவின் அப்பாவுடைய ஞானஸ்நானப் பக்கம் இருக்கும் ஃபிலிம் மட்டும் வந்து சேரச் சுணங்கியது.

அன்ரியின் மகள் ஜோசலின் என் வகுப்பு. லோலோவின் பிறந்தநாள் வாரத்தில் எங்கள் ரீச்சரும் குடும்ப மரம் வரையச் சொன்னார். ஜோசலின் தாயின் மரத்தைப் பார்த்தெழுதி ஏழு தலைமுறை கொண்டுவந்தாள். என்னுடையதில் நாலைந்து பெயர்கள்தான். ஏன் இவ்வளவுதான் என்று ரீச்சர் கேட்க, நான் வாய் திறப்பதற்குள் ஜோசலின் சொன்னாள்: "அவர்கள் அகதிகள், மிஸ். அவர்களிடம் ஒரு பேப்பரும் இல்லை. தாங்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது." வகுப்பு சிரித்தது. நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. உள்ளுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டேயிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை, கீழ்த்தளத்துப் பார்ட்டி ரூமில் பிறந்தநாள் விழா. சுவரில் அந்த மரம், மேசை நிறைய நூடில்ஸும் ரோல்ஸும், நடுவில் கழுத்துப் பட்டியோடு லோலோ. ஃபிலிம் அன்று காலைதான் வந்ததாம். அன்ரி நூலகத்திலிருந்து நேரே, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, காகிதத்தை அப்பாவின் கையில் கொடுத்தார். பாட்டு நின்றது. எல்லோரும் சுற்றிவர நின்றார்கள்.

அப்பா வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு முகத்தை மாற்றாமல் என்னிடம் தமிழில் சொன்னார்: "பிள்ளை, மை பரவிப் போச்சு, பேர் தெரியேல்லை எண்டு சொல்லு."

நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. "உண்மையா என்ன கிடக்கு, அப்பா?"

"தேப்பன் ஆரெண்டு தெரியாது எண்டு எழுதிக் கிடக்கு. உதைச் சொல்லாத."

ஜோசலின் எனக்கு எதிரே புதுச் சட்டையோடு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: "தகப்பன் இல்லை. அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறது." சொல்லும்போது இனித்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்.

லோலோவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "அப்படியா, சேர்?" என்று கேட்டார். என் அப்பாவை இந்த நாட்டில் முதல்முதல் 'சேர்' என்று கூப்பிட்டவர் அவர்தான். அப்பா எங்கிருந்தோ தேடியெடுத்த ஆங்கிலத்தில், "நோ, நோ, இங்க்... இங்க் கோன்" என்றார். பொய் யார் சொல்கிறார்கள், உண்மை யார் சொல்கிறார்கள் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் விளங்காமல் இல்லை. லோலோ தலையை ஆட்டினார். அன்ரி போய் மரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி நிலத்தில் சாய்த்து வைத்தார். ஜோசலின் அழுதாள். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அந்த அழுகையில் இருக்கவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. லிஃப்டில், "அந்தாளுக்கு எண்பது வயது, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒருநாளும் அவர் தமிழில் சொல்லிவிட்டு, நான் ஆங்கிலத்தில் சொல்லட்டும் என்று காத்திருந்ததில்லை. வங்கிக்கும் டொக்டரிடமும் தன் ஓட்டை ஆங்கிலத்தோடு தனியாகவே போனார். "நானும் வாறன், அப்பா" என்றால், "வேண்டாம், நான் சமாளிப்பன்" என்பார். சமாளித்தார் என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமைகளில் முகம் மழிப்பதையும் விட்டுவிட்டார். லோலோ ஊருக்குத் திரும்பிப் போனார். அடுத்த கோடையில் அன்ரியும் வீடு மாறினார், எங்களிடம் சொல்லாமல்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. இப்போது அஜக்ஸ் நகரில் என் வீட்டு மேசையில் வினாகிரி மணமும் இல்லை, காகிதமும் இல்லை. என் மகள் கணினியில் குடும்ப மரம் ஒன்று கட்டுகிறாள். போன மாதம் அவளுக்காக யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் அப்பா பிறந்த ஊர்க் கோவிலுக்கு எழுதினேன். இடம்பெயர்வில் பழைய பதிவேடுகள் எல்லாம் அழிந்துபோயின, ஒன்றும் மிஞ்சவில்லை என்று பங்குத்தந்தை மரியாதையாகப் பதில் போட்டிருந்தார். அப்பாவின் அப்பாவுக்கு அப்பா யார்? எனக்குத் தெரியாது. கேட்க ஒருவரும் உயிரோடு இல்லை. ஜோசலின் அன்று சொன்னது பலித்துவிட்டது.

"அந்தப் பெட்டியில் என்ன எழுத, அம்மா?" என்று மகள் கேட்கிறாள். மை பரவிப் போச்சு என்று சொல்லவாவது என் கையில் ஒரு பக்கம் இல்லை.