வரப்பில் எடுத்த தண்டால்

கரும்புச் சோகையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சுணைமுள் இருக்கும். வெட்டிய கரும்புக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கும்போது அது முழங்கையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு, வியர்வை பட்ட இடத்திலெல்லாம் மிளகாய் அரைத்த கைபோல எரியும். பதிமூன்று வயதில் எனக்கு அந்த எரிச்சல் பழகிவிட்டிருந்தது. அதே கையைத் தரையில் ஊன்றி உடம்பை மேலே தூக்கப் போன அன்றுதான், அந்தக் கையில் எரிச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். சொந்த நிலம் கிடையாது. மார்கழியில் தொடங்கிப் பங்குனிவரை அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குப் போவார்கள். அப்பா வெட்டுவார், அம்மாவும் அக்காவும் கட்டிச் சுமப்பார்கள். அந்த வருஷம் ஆவணியில் அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டதால், மேஸ்திரியின் கணக்கில் எங்கள் வீட்டு மூன்றாவது ஆள் நான் என்று ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் விடிகாலையிலும், சனி ஞாயிறென்றால் நாள் முழுக்கவும், தலையில் சும்மாடு வைத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், லாரியில் சாய்த்திருக்கும் பலகைமேல் ஏறி, மேலே நிற்பவர் கையில் கொடுக்க வேண்டும். இது உள்ளூர் வெட்டு. அடுத்த வருஷத்திலிருந்து மேஸ்திரியோடு வெளி ஜில்லாவுக்குப் போய்விடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அங்கே போனால் ஆறு மாதத்துக்குக் கொட்டகையில்தான் குடித்தனம். எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான் ஒன்பதாவது போக மாட்டேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அப்படித்தான் நின்றுபோனார்கள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம், எங்கள் பள்ளிக்கூடத்து ‘பி.டி. சார்’ என்னைக் கூப்பிட்டு, சித்திரையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்றார். ஓட்டத்தில் எப்போதும் நான்தான் முதலில் வருவேன். “ஓடறதுல உனக்குக் கவலையே இல்ல. தண்டால் பத்து எடுக்கணும். அத மட்டும் எடுத்துட்டா ஆஸ்டல்ல சோறு போட்டு, பன்னெண்டாவது வரிக்கும் படிக்க வைப்பாங்க” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்தச் சோறும் பன்னிரண்டாவதும் காதிலேயே நின்றன.

அன்று சாயங்காலம் மைதானத்தில் குப்புறப் படுத்துக் கையூன்றி எழப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. பாதியில் கை நடுங்கி, மோவாய் மண்ணில் இடித்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்; கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு பலகை ஏறுகிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கட்டைச் சுமப்பது கழுத்தும் இடுப்பும் காலும்தான், கை சும்மா பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பைப் பற்றி ஒரே கொள்கைதான், அதை எல்லாருக்கும் சொல்லுவார்: “வேல செய்யற ஒடம்புக்குத் தனியா இன்னாத்துக்கு வேல? ஒடம்புல இருக்கறதே கம்மி. அத வீணாக்கினா நாளைக்கி யாரு தருவா?” அவர் கோபக்காரர் இல்லை. களைத்துப்போன மனிதர் பேசுகிற பேச்சு அது, எனக்கு இப்போது அந்தக் குரல் நன்றாகப் புரிகிறது.

நான் வெட்டு நடக்கும் கரும்புக் கொல்லையிலேயே தண்டால் பழக ஆரம்பித்தேன். லாரி வருவதற்குத் தாமதமானால் ஆட்கள் அங்கங்கே சாய்ந்துவிடுவார்கள். அப்போது வாய்க்கால் ஓரத்து உயரமான வரப்பில் கையை ஊன்றிக்கொண்டு, காலைக் கொல்லைக்குள் நீட்டிக்கொண்டு எடுப்பேன். தலை தூக்கும்போது மேற்கே கல்வராயன் மலை தெரியும், இறங்கும்போது எறும்பு தெரியும். முதல் நாளே மூன்று வந்தது. பொங்கல் கழிந்து சில நாட்களில் பத்தும் வந்துவிட்டது. நானே ஒரு பெரிய பயில்வான் ஆகிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. விடுதியில் எந்தப் பக்கம் பாய் போட்டுப் படுப்பது என்பது வரைக்கும் யோசித்து வைத்துவிட்டேன்.

பி.டி. சாரிடம் காட்டுவதற்காக மைதானத்தின் சமதரையில் படுத்தேன். இரண்டு வந்தது. மூன்றாவதில் நடுவிலேயே நின்றுவிட்டேன், மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க மனமில்லை. “எங்க எடுத்துப் பழகின?” என்று கேட்டார். வரப்பில் என்றேன். “மேட்டுல கைய வச்சா பாதி பாரம் காலுக்குப் போய்டும். அங்க வந்து உனக்கு எவன் வரப்புப் போட்டுத் தருவான்?” என்றார். சுற்றி இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பங்குனிவரை என்னை ‘வரப்பு’ என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வரப்பின்மீது எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனாலும் போகப் போக ஒன்று பிடிபட்டது: மேடு உயரமாக இருந்தால் சுலபம், தாழ்ந்தால் கஷ்டம், அவ்வளவுதான். அதனால் வாய்க்கால் கரையை விட்டுவிட்டு, நடுக்கொல்லையில் ஓடும் சிறிய வரப்புக்கு வந்தேன். அதில் பத்து வந்ததும், கரும்பு நட்ட ‘பார்’ மேலேயே கையை வைத்தேன். பார் என்பது சாலுக்கும் சாலுக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்திருக்கும் மேடு. அதற்கும் கீழே தரைதான். அந்தக் கடைசி ஒரு சாணை இறங்குவதற்குள் மாசி பிறந்துவிட்டது.

அந்த வெறுந்தரையில்தான் எல்லாம் நின்றுபோயிற்று. நேற்று ஆறு எடுத்தவள் இன்று நான்கில் விழுவேன், நாளை மூன்றில். பழக்கம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக எடுத்தேன். விடிகாலையில் கட்டு, பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் தண்டால், ராத்திரி வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு விழுந்தால் மறுபடியும் கட்டு. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். ஒருநாள் சாப்பிடும்போது கை நடுங்கி, பிசைந்த சோறு வாய்க்குப் போவதற்குள் மடியில் கொட்டியது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு கம்மி. நான் கொல்லையில் படுத்துப் படுத்து எழுந்திருப்பதை வெகு நாட்களாகப் பார்த்திருந்தும், அது எதற்கு என்று அதுவரை கேட்டதில்லை.

“அதுல இன்னாதான் கெடைக்கும்?” என்றாள்.

“பள்ளிக்கூடம்” என்றேன்.

“அப்ப நாளைலேர்ந்து நீ கட்டு தூக்காத. நான் தூக்கிக்கிறேன்” என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “அவ கட்ட நீ தூக்கினா உன் கட்ட யாரு தூக்குவா?”

“நான்தான்” என்றாள் அம்மா.

முதல் சில நாட்கள் நான் தண்டாலே எடுக்கவில்லை, தூங்கினேன். வெயில் ஏறிய பிறகு எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா தன் பங்கு வேர்க்கடலையை அவித்து எனக்கென்று மூடி வைத்துவிட்டுப் போயிருப்பாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கத் தொடங்கினேன். பங்குனி பாதியில், வாசலில் சாணம் தெளித்த வெறுந்தரையில் ஐந்து வந்தது. அப்புறம் ஏழு. ஊரெல்லாம் அது பழகப் பழக வந்தது என்று சொன்னது. எனக்கோ அது தூக்கத்திலும் சோற்றிலும் வந்தது, அந்த இரண்டையும் இன்னொருத்தி எனக்காக விட்டுக்கொடுத்திருந்தாள் என்பதும் அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தேதான் சாப்பிட்டேன், தெரிந்தேதான் தூங்கினேன்.

சித்திரையில் பி.டி. சாரோடு பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அந்த வருஷம் வெட்டு சித்திரைவரை இழுத்துவிட்டது; அன்றைக்குப் பார்த்துக் கடைசி லாரி ஏற்ற வேண்டியிருந்ததால் அம்மாவால் வர முடியவில்லை. ஓட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தண்டாலில் எட்டுவரை மூச்சுவிடாமல் எடுத்தேன். ஒன்பதாவது மெதுவாக வந்தது. பத்தாவதில் பாதி தூரத்தில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்த அம்மா வயதுப் பெண்மணி வாயைத் திறக்காமல் காத்திருந்தார். எப்படி மேலே போனேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் “பத்து” என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆனியில் நான் விடுதிக்குப் போனேன். மார்கழியில் அப்பாவும் அம்மாவும் மேஸ்திரியோடு வெளி ஜில்லாவுக்குப் போனார்கள். இரண்டு பேர் சுமக்க வேண்டியதை அம்மா ஒருத்தியே சுமந்தாள். அந்த வருஷம் மட்டுமில்லை, நான் பன்னிரண்டாவது முடிக்கும்வரை அப்படித்தான்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில், காலை முதல் மாலைவரை உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தண்டால் ஒன்றுகூட வராது, முயன்று பார்க்கவும் தெம்பில்லை. ஊர்ப் பக்கம் வெட்டுக்கு இயந்திரம் வந்துவிட்டது. அது திரும்புவதற்கு இடம் வேண்டும் என்று வாய்க்கால் ஓரத்து வரப்பையும் நடுவரப்பையும் இடித்து நிரவிவிட்டார்கள். எங்கள் தெருவில் இப்போது எந்தப் பெண் பிள்ளையும் சும்மாடு வைப்பதில்லை. போனதே என்று நான் வருத்தப்படவில்லை, போய்த் தொலையட்டும்.

அப்பா ஊரில் ஒரு மாட்டை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார். அம்மா என்னோடு இருக்கிறாள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் கழுத்துப் பட்டை போடச் சொல்லியிருக்கிறார். அவள் நிலைகொள்ளாமல் அதைக் கழற்றிக் கழற்றி வைப்பாள், வேலை விட்டு வந்ததும் நான் மறுபடி மாட்டிவிடுவேன். போன வாரம் அப்படி மாட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

“அன்னிக்கி கள்ளக்குறிச்சில உன்ன எத்தினி எடுக்கச் சொன்னாங்க?”

இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

“பத்து” என்றேன்.

“பத்துதானா” என்றாள் அம்மா. “நான் நூறு எரநூறு இருக்கும்னு நெனச்சிக்கினுல்ல தூக்கினேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது, சிரித்தால் கழுத்து வலிக்கும் என்பதால், இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.