அப்பா சுருக்கிய கடிதம்

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவுக்கு அங்கே ஓர் ஆபீசில் எழுத்து வேலை கிடைத்தது. அவர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் தலைமைக் குமாஸ்தா சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவார். எடுத்துவிட்டாலும் விஷயம் நிற்குமானால் அந்த வார்த்தை வேண்டாம் என்பது அவர் கட்டளை. ஆரம்பத்தில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வித்தை பிடிபட்டது, ருசியும் கண்டுவிட்டது. மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூடத் திருத்தாமல் விடமாட்டார்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பண்ணையம் பார்த்துவந்த மாமாவை அம்மா ஒவ்வொரு பண்டிகை நோம்பிக்கும் அழைப்பாள். அறுவடை, மாட்டுக்குச் சீக்கு என்று ஏதாவது பதில் வரும், மாமா வரமாட்டார். அந்த ஆடிப் பதினெட்டுக்கும் அம்மா சொல்லச் சொல்ல அப்பா ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அம்மா அடுப்படிக்குப் போனதும் அதை அடித்துச் சுருக்க ஆரம்பித்தார். எல்லாரும் சுகம் என்றுதான் எல்லாருமே எழுதுகிறார்கள், அது போயிற்று. நோம்பி வருவது ஊருக்கே தெரியும்; அதுவும் போயிற்று. செவலைப் பசு கன்று போட்டதும் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் பின்னாலேயே போயின. கடைசியில் தபால் கார்டில் ஏறியது ஒரே வரி: 'குடும்பத்துடன் உடனே வரவும்.'

நோம்பிக்கு முந்தின நாள் காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு வண்டி நின்றது. மாமா இறங்குவதற்குள் அத்தை தலைவிரிகோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டே ஓடிவந்தாள். கச்சாயம் என்கிற வெல்லப் பணியாரத்துக்கு மாவு பிசைந்த கையோடு அம்மா வாசலுக்கு வந்தாள். ஒப்பாரி பாதி அடியில் நின்றது.

"அம்மிணி, உனக்கு ஒண்ணுமில்லியா?" என்றார் மாமா.

"எனக்கென்னுங்ணா, நல்லாத்தான இருக்கறேன். அண்ணி ஏனுங்ணா அழுகறாங்க?"

மாமா மடியிலிருந்து கார்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "ஏனுங்க மாப்பிள்ளை, சுகம்னு ஒரு சொல்லு இல்லீங்களே. யாரு போயிட்டாங்களோன்னு வழி நெடுக நெஞ்சுல கைய வெச்சுட்டு வந்தமுங்க."

அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிழை ஒண்ணும் இல்லீங்களே மச்சான்," என்றார் மெதுவாக.

முதலில் சிரித்தது அத்தைதான். அப்புறம் மாமா சிரித்த சிரிப்பில் வண்டி மாடுகள் மிரண்டன.

மறுநாள் ஆற்றில் முழுக்குப் போட்டு வந்து எல்லாரும் இலையில் உட்கார்ந்தோம். அம்மா ஆளுக்கு இரண்டு கச்சாயம் வைத்தாள். அப்பா இலையில் மட்டும் வைத்துக்கொண்டே போனாள். எழுத்தில் ஒரு கொம்பு விட்டுப்போனதற்குப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் நான். இத்தனை பேரை அழவைத்தவருக்கு இவ்வளவு கச்சாயமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"தின்னு சாமி," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா இத்தனை நோம்பிக்கும் வராத தன் அண்ணனுக்கு மோர் ஊற்றப் போனாள்.