பறக்கிற நேரம்

வைட்ஃபீல்டில் ஒரு பயண இணையதளத்துக்கு எழுதும் குழுவுக்கு நான் டீம் லீட். அதில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். விமானம் ஏறியதே இல்லை. சிலியின் சான்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம் என்று எழுதிவிட்டு, கீழே ‘வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆறு மணி நேரம்’ என்றும் சேர்ப்பார். எல்லாப் பக்கத்திலும் இப்படித்தான். அந்தக் கீழ் வரியை நான் வெட்டிவிடுவேன்.

“டிராஃபிக்கை யாரு சார் கணக்குல எடுக்கிறது?” என்பார்.

“பறக்கிற நேரம் மட்டும் போதும் சார்,” என்பேன்.

ஒரு மத்தியானம் ஊரின் மறுகோடியில், ஸ்ரீராம்புரத்தில் இருந்த வீட்டிலிருந்து அவருக்குப் போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறதாம்.

“கையில இருக்கிற பக்கத்தை முடிச்சுட்டுக் கிளம்புங்க. ஒரு மணி நேரத்துல போயிடலாம்,” என்றேன்.

முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். வழியெல்லாம் நெரிசல். வீடு சேர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் அம்மாவின் உயிர் அடங்கிவிட்டது.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தார். அன்று அவர் எழுதிய பக்கத்தில் கீழ் வரியைக் காணோம்.

“வீட்டுக் கணக்கையும் போடுங்க சார். இனிமே வெட்டமாட்டேன்,” என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பறக்கிற நேரம் மட்டும் போதும் சார்.”

குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.