சண்டி என்று கூப்பிட்டவன்

ஒரு துண்டுக் காலண்டர் தாள். ஒரு முனை கருகிப் போயிருக்கும், தொட்டால் உதிரும். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பர்ஸில் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைக்கிறார்கள். பிரசாதமாவது மண்ணாவது! நான் ஆடிய வெறியாட்டத்துக்கு அதுதான் சாட்சி.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் மேஸ்திரியாக இருந்தேன். சூளையில் சரக்கு அடுக்குவதும் இறக்குவதும் ஓர் அக்காவின் பொறுப்பு. நெருப்பு அணைந்தபின் வாசலை அடைத்த செங்கல்லைப் பிரிக்குமுன், சுவரிலுள்ள துளையில் காகிதத்தை விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பழுப்பேறினால் சூளையைத் தொடக்கூடாது. அன்று சூளையில் இருந்த கார்த்திகை விளக்குகளை ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. முதலாளி போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். "ம், பிரிங்க" என்றேன். அக்கா காலண்டர் தாளைக் கிழித்துத் துளையில் விட்டு, கருகிய முனையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். தட்டிவிட்டேன்.

"நாலு பொம்பளைங்க உள்ள போவணும் மேஸ்திரி. வெந்துபோயிடுவாங்க. நான் வுட மாட்டேன்." வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்.

"சண்டி!" என்று கத்தினேன்.

அந்தச் சொல்லை நான் அகராதியில் படிக்கவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் அப்பாவிடம் நுகத்தோடு படுத்துக்கொள்ளும் மாடு ஒன்று இருந்தது. அதற்கு அதுதான் பேர். அப்பா வாலைக் கடிப்பார், தார்க்குச்சியால் குத்துவார், வயிற்றுக்கடியில் வைக்கோலைக் கொளுத்துவார். அது செத்தபின் பார்த்தால், நுகம் அழுத்தும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், புழு நெளிந்தது. வலி மாட்டுக்கு, பேர் வைத்தவர் கையில் குச்சி. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் அடித்தேன்.

கம்பால் முதுகில் அடித்தேன், தோளில் அடித்தேன். தடுத்த இடது கை மணிக்கட்டு மளுக்கென்று ஒடிந்தது. மயிரைப் பிடித்து இழுத்தேன், உதைத்தேன். வாயில் ரத்தம் வழிந்தும் அக்கா எழவில்லை. கடைசியில் அவர் தலைக்கு மேலிருந்த இரண்டு செங்கல்லை நானே கம்பியால் பெயர்த்தேன். அனல் முகத்தில் அறைந்தது, புருவம் பொசுங்கியது. உள்ளே விளக்குகள் பட்பட்டென்று வெடித்தன. அந்த நாலு பெண்களும் சுவரோரம் முழுசாக நின்றார்கள். கீழே கிடந்த தாளைப் பொறுக்கிக்கொண்டேன்.

போன மாதம் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கோணிப்போன கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காலில் விழுந்தேன். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா" என்று அழுதேன்.

"மாட்டேன்." கை உரித்தபடியே இருந்தது. "அவ்ளோ அடிச்சிங்க, அப்பவே நான் எந்திரிக்கல. இப்ப நீங்க அழுதா சொல்லிடுவனா? டீ குடிச்சிட்டுப் போங்க."

தாளை நீட்டினேன். வாங்கவில்லை. உறையோடு மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.