கோட்டுக்குள் மறைந்த அலை

“…கோடு நேராக் கிடக்கு எண்டு சொல்றீங்க தம்பி. அண்டைக்குக் கடல் நேராக் கிடந்ததா எண்டுதான் நான் கேக்கிறன்.”

ஆலங்குடாவில் கடலை அளக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், கணினித் திரைக்கு எதிரே நின்றபடி சம்மாட்டி அதைச் சொன்னார். சொந்தப் படகு வைத்திருப்பவரை எங்கள் கரையில் அப்படித்தான் அழைப்போம். சண்டை முடிந்து, படையினரின் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போகக் கிடைத்த முதல் வருடங்கள் அவை. அவருடைய படகு கவிழ்ந்து, கூடப் போன மச்சான் இறந்திருந்தான். மனைவிக்கு இருந்த ஒரே தம்பி. திடீரென்று ஓர் அலை எழும்பியதாகச் சம்மாட்டி சொன்னார். கிட்ட மிதந்த, அலையை அளக்கும் எங்கள் மிதவையின் வரைபடமோ, அன்று முழுக்கக் கடல் படுத்துக் கிடந்ததாகக் காட்டியது. அந்தப் படம் விசாரணைக்குப் போனது. கரையெல்லாம் அதே கதை. எந்தப் படகையும் கடலில் இறக்க ஊரே தோள் கொடுக்கும். அவருடைய படகுக்கு ஒருவரும் வரவில்லை.

“அது கிடக்கட்டும் தம்பி. மனிசி சோத்தக் கொண்டந்து வைக்கிறா, என்னோட கதை இல்ல. நான் குடிச்சிட்டுப் படகை விட்டனாம்.” பிறகு திரையைப் பார்த்து, “உங்கட மெசின் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கும்” என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லி அனுப்பத்தான் நினைத்தேன். கோட்டைப் பெரிதாகக் காட்டலாமென்று திரையில் படம் இருந்த யன்னலை அகலமாக இழுத்தபோது, மயிரிழை போல ஒன்று நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன், காணவில்லை. திரைதான் பழுதோ என்று வேறு படங்களைத் திறந்து பார்த்தேன், அவை துள்ளவில்லை. பிறகுதான் பிடிபட்டது. மிதவை ஒரு நொடிக்குள்ளேயே பல தடவை அளக்கிறது. ஒரு நாளின் அத்தனை அளவுகளுக்கும் திரையின் அகலத்தில் இடம் ஏது? வேகமாக வரைவதற்காக மென்பொருள் இடைக்கிடை ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. யன்னல் அகலம் மாற, எடுக்கும் புள்ளியும் மாறும். அலை தொலைந்துபோகவில்லை. வரையப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சிறு இடத்திலும் ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் சேர்த்து வரையும்படி மாற்றினேன். நேர்கோட்டின் நடுவே அது நிமிர்ந்து நின்றது, இம்முறை மறையவில்லை. கருவியின் கோளாறாகவும் இருக்கலாமே என்ற பயம் எனக்கு. கோளாறென்றால் ஒரே ஓர் அளவு மட்டும் துள்ளும். விரித்துப் பார்த்தேன். படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கியிருந்தது. அலையேதான்.

இப்போது வரும் மென்பொருட்கள் இதையெல்லாம் தாமாகவே செய்துவிடுகின்றன. ஆனாலும் அமைதியாகக் கிடக்கும் கோட்டைக் கண்டால் என் கை இன்றைக்கும் யன்னலை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறது. நேராகக் கிடந்ததா என்று அவர் கேட்ட குரல் காதுக்குள் வரும்.

அன்று அவர் அந்த ஏற்றத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திருத்திய படத்தை விசாரணைக்கு அனுப்புகிறோம், கரையில் காட்ட உங்களுக்கும் ஒன்று அச்சடித்துத் தருகிறேன் என்றேன்.

“கரைக்குப் பிறகு காட்டலாம். இதை மூடாம வையுங்க.”

போனவர் என் தேத்தண்ணி ஆறுமுன்னே திரும்பி வந்தார், பின்னால் மனைவி. கதிரையை இழுத்துத் திரைக்கு நேரே போட்டு மனைவியை இருத்தினார். பிறகு வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.