றெக்ஸ் வீட்டுப் படிகள்

அருமைநாதனுக்கு டாக்குத்தரிடம் சொல்லும் பொய் பொய்யாகவே தோன்றியதில்லை. உப்பைக் குறைத்தீர்களா என்றால் ஓம். குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றால் அதற்கும் ஓம். பெரிய படிப்புப் படித்த மனுசனின் மனதை ஏன் நோகடிக்கவேண்டும்?

உண்மை வேறு. பலவீனமான இதயத்தால் உடம்பில் நீர் கட்டாமலிருக்கக் கொடுத்த தண்ணிக் குளிசையை அவர் சனிக்கிழமைகளில் தொடுவதேயில்லை. சனி என்றால் வில்லரேப் பகுதியில், சிநேகிதன் றெக்ஸின் வீட்டில், முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டம். நாலு பேராகக் கடதாசி விளையாடும்போது அந்தக் குளிசையால் அடிக்கடி ஒன்றுக்கு எழும்பினால், தோற்கப் பயந்து ஓடுகிறான் என்று றெக்ஸ் மானத்தை வாங்கிவிடுவார். சனியில் தொடங்கியது மற்ற நாட்களுக்கும் பரவியது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. றெக்ஸ் வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகளை நினைத்தாலே நெஞ்சு அடைத்தது. கடைசியில் போவதையே விட்டுவிட்டார். றெக்ஸ் கேட்டால், "வேலை கிடக்கு" என்பார். ஓய்வு பெற்றவருக்கு அப்படி என்ன வேலையோ!

இந்த வசந்தத்தில் கிளினிக்கில் புது வழக்கம் வந்தது. பிரஷர் பார்க்கும் முன்பே தாதி மிரேய் பிரெஞ்சில் கேட்டாள், உடம்பு இடம் கொடுத்தால் என்ன செய்ய ஆசை என்று. கூட வந்த மகள் துஷாந்தினி கேள்வியைத் தமிழில் சொன்னாள். பதிலையும் தானே சொல்ல வெளிக்கிட்டாள்: பேரப்பிள்ளைகளின் கலியாணம் பார்க்கவேண்டுமாம்.

"பிள்ளை, கொஞ்சம் பொறு. எனக்கு றெக்ஸின்ர வீட்டில கடதாசி விளையாடவேணும்."

துஷாந்தினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிரேய் சிரிக்கவில்லை. எது தடுக்கிறது என்று கேட்டாள். அன்றுதான் படிகளும் குளிசையும் எல்லாம் வெளியே வந்தன. மிரேய் எழும்பிப் போய் டாக்குத்தரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"சனியில விளையாடி முடிச்சு வீட்டை வந்து குளிசையைப் போடட்டாமப்பா," என்று துஷாந்தினி தமிழில் சொன்னாள்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். இதைச் சொல்லாம இவ்வளவு நாளும்..." அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அதன்பிறகு அருமைநாதன் உண்மையாகவே உப்பைக் குறைத்தார். கிளினிக்கில் ஒரு படி, ஒரு மூச்சு என்று ஏறிப் பழகினார். கோடை தொடங்க வீக்கம் வடிந்தது.

ஒரு சனிக்கிழமை, நின்று நின்று, றெக்ஸ் வீட்டுப் படிகளில் ஏறினார். வாசலில் நின்ற றெக்ஸ் வா என்றும் சொல்லவில்லை.

"படி ஏற ஏலாமத்தான்ரா வரேல்லை," என்றார் அருமைநாதன், மூச்சு வாங்கியபடி.

"நீ என்னோட கோவமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்." றெக்ஸின் கண் கலங்கியிருந்தது. "சொல்லியிருந்தா, மேசையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் உன்னட்டை வந்திருப்பமேடா."

அருமைநாதன் உள்ளே போய்க் கடதாசியைக் கலைக்கத் தொடங்கினார்.