சாரின் இருமல்

மதியச் சாப்பாடு முடிந்ததும் மனக்கணக்கு. சார் பிரம்பை உயர்த்திக் கேள்வி கேட்பார். பிரம்பின் நுனி தரையைத் தட்டுவதற்குள் விடை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தப்பாகச் சொன்னால்தான் அடி. ஆளுக்கு ஐந்து கேள்வி. என் அண்ணன் தினமும் நாலு அடி வாங்கினான். முதல் கேள்விக்கு அவன் வாய் திறப்பதில்லை. மற்ற நாலும் தப்பு.

அறுபதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுத் தெருவின் முனையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். நாலாம் வகுப்பில் ஒரு வருடம் தேறாமல் நின்றுவிட்டதால் தங்கையான என்னோடு அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். கேள்வி காதில் விழுந்ததும் அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசையத் தொடங்கும். “ஏலே, இவன் வாய்க்குள்ள தறி ஓடுதுலே” என்பான் பக்கத்துப் பையன். வகுப்பே சிரிக்கும். நான் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடி மனப்பாடம் செய்திருந்தேன். பிரம்பு இறங்குவதற்கு முன்பே விடை சொல்லிவிடுவேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டின் இரண்டாவது தறிக்கு ஆள் இல்லை. நெய்துகொண்டிருந்தவர் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். ஒரு நாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். நாங்கள் நாயனா என்று கூப்பிடும் அப்பா வீட்டில் தெலுங்கில் சரளமாகப் பேசுகிறவர், வெளியே தமிழில் பேசும்போது வார்த்தைகளை எண்ணித்தான் பேசுவார்.

“சார், ஒரு வார்த்த சொல்லிருங்க. இவன் தேறுவானா, மாட்டானா? மாட்டான்னா இப்பவே தறிக்குழியில எறக்கிர்றேன். காலும் எட்டுது.”

“அவசரப்படாதீக அண்ணாச்சி. அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வாராரு. அவுக கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டான்னா மேல போகட்டும். இல்லைன்னா நீங்க கூட்டிட்டுப் போயிருங்க.”

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் காலியாகக் கிடந்த தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டான். மிதிக்கட்டையில் பாதம் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

காற்றுக் காலம். கரிசல் புழுதி ஜன்னல் வழியாக வந்து பலகைகளின்மேல் படிந்துகொண்டே இருக்கும். அதிலேயே பேசிப் பேசி ஒரு நாள் சாருக்குக் குரல் அடியோடு கட்டிவிட்டது. அதற்காக மனக்கணக்கை நிறுத்துகிறவர் இல்லை அவர். அண்ணனின் முறை வந்ததும் கரும்பலகையில் ஐந்து கேள்விகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். அவற்றை உரக்கக் கேட்கும் வேலை எனக்கு. அண்ணன் சொல்லும் விடையைக் கேள்விக்கு நேராக அவர் எழுதுவார். எல்லாரும் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன்.

“ஏழு எட்டு?” என்றேன். அண்ணன் பேசவில்லை. சார் கோடு இழுத்தார்.

“ஆறு ஒம்பது?”

“அம்பத்தாறு.”

“அஞ்சு ஏழு?”

“அம்பத்துநாலு.”

“எட்டு நாலு?”

“முப்பத்தஞ்சு.”

“ஒம்பது மூணு?”

“முப்பத்திரண்டு.”

சார் பிரம்பை எடுத்தார். அண்ணன் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டான். சார் அடிக்கவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் ஒரு கோடு. அதற்குக் கீழே ஒவ்வொரு விடையும் தனக்கு மேலே இருந்த கேள்விக்கு உரியதாக இருந்தது. எல்லாமே சரி. எல்லாமே ஒரு படி பிந்தியிருந்தன.

காற்றாக மட்டும் வந்த குரலில் கேட்டார்: “ஏலே, கடைசிக் கேள்விக்கு என்ன?”

“இருபத்தேழு சார்.”

பிரம்பு மேசைக்குப் போனது. சார் அவன் முன்னால் குனிந்தார். “மனசுக்குள்ள எந்தப் பாசையிலலே எண்ணுற?”

அண்ணன் தரையைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாயில் வந்துவிட்டால் பையன்கள் அதையே ஒரு வாரம் சொல்லிக் காட்டுவார்கள். நான்தான் சொன்னேன்: “தெலுங்குல சார். நாயனா அவனுக்குத் தறிகிட்ட வச்சுத்தான் எண்ணச் சொல்லிக் குடுத்தாரு. எண்ணிட்டுத்தான் தமிழுக்கு மாத்துவான்.”

“அப்ப நீ?”

“நான் பாடுவேன் சார்.”

“பாட்டு சரி. அம்பத்தாறு எப்படி வந்துச்சுன்னு சொல்லு பாப்போம்.”

நான் ஓரேழு ஏழிலிருந்து பாட ஆரம்பித்தேன். சார் கையமர்த்தி என்னை உட்காரச் சொன்னார்.

சில நாட்களில் சாரின் குரல் திரும்பிவிட்டது. புதிதாக ஓர் இருமல் மட்டும் தங்கிவிட்டது. அதுவும் அண்ணனின் முறை வரும்போதுதான் அதிகம். பிரம்பைத் தூக்குவார், கேள்வி கேட்பார், உடனே இருமல் பிடித்துக்கொள்ளும். மார்பைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்த பிறகுதான் பிரம்பு தரைக்கு வரும். அதற்குள் அண்ணன் விடை சொல்லிவிடுவான். இவனைக் கேட்கிற எரிச்சலில்தான் சாருக்கு இருமல் வருகிறது என்று நான் நினைத்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா பனங்கற்கண்டையும் மிளகையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். சார் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருமல் குறையவில்லை.

இன்ஸ்பெக்டர் திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அப்பாவும் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். சார் கேள்வி கேட்க எழுந்தபோது இன்ஸ்பெக்டர் தடுத்தார். “நீங்க இருங்க. நானே கேக்குறேன்.” அவரிடம் பிரம்பு இல்லை. விரலை நீட்டிக் கேட்பார். விடை வராவிட்டால் விரல் அடுத்த பையனிடம் போய்விடும். நாலைந்து பேரைத் தாண்டி அந்த விரல் அண்ணனிடம் வந்தது.

“பன்னிரண்டு ஆறு?”

அண்ணனின் உதடுகள் அசைந்தன. பின்னாலிருந்து சார் இருமினார். அதுவரை அப்படி இருமி நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார்.

“எழுபத்திரண்டு சார்.”

“என்னய்யா இருமல் இது? வெளிய போயித் தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

சார் அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

“பதினாறு அஞ்சு?”

உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அப்பா மரத்தடியை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் விரல் மெல்ல நகர்ந்தது. பக்கத்துப் பையன் பாதி எழுந்துவிட்டான். அப்போது ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே அந்த இருமல் வெடித்தது. நகர்ந்த விரல் அப்படியே நின்றது.

“எம்பது சார்.”

“பதினாலு ஏழு?” என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் தாமாகவே ஜன்னலைப் பார்த்தார், எங்கே இருமல் என்பதுபோல. வரவில்லை. அவர் இன்னும் சற்று நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொண்ணூத்தெட்டு சார்.”

“பையன் நிதானமான பையன்” என்றார் இன்ஸ்பெக்டர். விரல் அடுத்தவனிடம் போனது. அப்பா வாசலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் இரண்டாவது தறிக்கு வேறு ஆள் வந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாயங்காலமே அம்மா பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். கொண்டுபோனேன். சார் வீட்டு முற்றத்தில் காயப்போட்டிருந்த வற்றலில் பக்கத்து வீட்டு ஆடு வாய்வைத்திருந்தது. தெருமுனைவரை கேட்கும் கணீர்க் குரலில் அவர் அதை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு முறை இருமினார்.

“அம்மாட்ட சொல்லும்மா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல.”

வீட்டுக்கு ஓடிவந்து, சாருக்கு இன்னும் குணமாகவில்லை என்றும், ஆட்டை விரட்டும்போது மட்டும் குரல் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். அம்மா கவலையோடு, அடுத்த தடவை மிளகைக் கூட்டிப் போட வேண்டும் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.